தொலைவும் பொழுதும்: இலண்டன் – பாரிஸ் வான்வழியின் வரலாறு

இலண்டன் மாநகருக்கும் பாரிஸ் மாநகருக்கும் இடைப்பட்ட தொலைவு நேர்கோட்டில் ஏறத்தாழ 340 கிலோமீட்டர். இன்றைய வானூர்தி ஒரு நகரில் தரையைவிட்டு எழுந்து மறு நகரில் தரையைத் தொடுவதற்கு ஒரு மணி நேரத்திற்கும் குறைவான பொழுதே கொள்கிறது. கால அட்டவணையில் ஒன்றேகால் மணி நேரத்திற்குச் சற்றுக் கூடுதலாகக் குறிப்பர். பயணச்சீட்டு வாங்குவார்க்கு இவ்விரண்டு எண்களும் போதுமானவை. இவ்வெண்கள் எவ்வாறு கிடைத்தன, இவற்றைப் பெறுவதற்கு யார் யார் உழைத்தனர், யார் யார் உயிர் கொடுத்தனர் என்று வினவுவார்க்கோ இவை ஒரு நெடிய வரலாற்றின் முகப்பு மட்டுமே.

தமிழ் மரபு தொலைவைக் காதம் என்றும் பொழுதை நாழிகை என்றும் அளந்தது. ஒரு நாழிகை 24 நிமிடம் ஆகும். எனினும் பாலைத்திணைப் பாடல்களில் பயின்றோர், வழியின் நீளத்தைக் காதக் கணக்கு மட்டும் சொல்லிவிடாது என்பதை அறிவர். அங்கே பிரிந்தவர் மீள்வாரா என்பதே வழியின் நீளத்தைத் தீர்மானிக்கிறது. ஐரோப்பாவின் இவ்விரு நகரங்களின் வரலாறும் அவ்வாறே அமைந்துள்ளது. இடையில் கிடக்கும் நிலமும் நீரும் மாறவில்லை. மாறியவை மனிதரின் கருவிகளும், அவற்றினும் மேலாக இரு நாட்டார் தமக்குள் செய்துகொண்ட உடன்பாடுகளும் ஆகும். தொலைவைக் குறைத்ததில் கருவிக்கு உள்ள பங்கு எவ்வளவோ அவ்வளவு பங்கு உடன்பாட்டிற்கும் உண்டு என்பதை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

சேற்றுச் சாலையும் காற்றின் தயவும்

சார்லஸ் டிக்கன்ஸ் 1859ஆம் ஆண்டில் எழுதிய ‘இரு நகரங்களின் கதை’ என்னும் புதினம் தமிழ் வாசகர் பலரும் அறிந்ததே. அக்கதையின் இரண்டாம் இயலில், 1775ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களின் ஓர் இரவில், டோவர் துறைமுகம் நோக்கி அஞ்சல் வண்டி ஒன்று மலைச்சரிவில் ஏறுகிறது. சேறு மிகுந்த அச்சரிவில் குதிரைகள் இளைத்துவிடவே, பயணிகள் இறங்கி வண்டியோடு நடக்கின்றனர். ஒருவரை ஒருவர் கள்வரோ என்று ஐயுறுகின்றனர். அவ்வண்டியில் செல்லும் வங்கி அலுவலர், இலண்டனிலும் பாரிசிலும் கிளை கொண்ட வங்கியின் பணியாளர். கதை கற்பனையே ஆயினும் சாலை உண்மையானது.

அக்காலப் பயணம் மூன்று கூறுகளைக் கொண்டிருந்தது. இலண்டனிலிருந்து டோவர் வரை சாலை வழி. பின்னர் ஆங்கிலக் கால்வாய். அதன்பின் கலே துறைமுகத்திலிருந்து பாரிஸ் வரை மீண்டும் சாலை வழி. ‘கால்வாய்’ என்பது பெயரளவில் மட்டுமே. மிகக் குறுகிய இடத்திலும் 33 கிலோமீட்டர் அகலமுள்ள கடல் அது. பாய்மரக் கப்பல்கள் காற்று வாய்க்கும் வரை துறையிலேயே கட்டுண்டு கிடக்கும். ஆகவே ‘பாரிசுக்கு எத்தனை நாள்?’ என்ற வினாவிற்கு அன்று எவராலும் உறுதியான விடை கூற இயலவில்லை. பொழுது மட்டுமன்று, தொலைவுங்கூட அன்று துல்லியமாக அறியப்படவில்லை என்பது வியப்புக்குரிய செய்தியாகும்.

அளந்தறிந்த தொலைவு

1783ஆம் ஆண்டில் பிரிட்டனும் பிரான்சும் அமெரிக்க விடுதலைப் போரை ஒட்டி எழுந்த தம் பகையை முடித்து அமைதி உடன்படிக்கை செய்துகொண்டன. அதே ஆண்டில் பிரெஞ்சு வானியலார் காசினி தெ துரி, பிரிட்டிஷ் அரசுக்கு ஒரு குறிப்புரை அனுப்பினார். கிரீனிச் வானாய்வு நிலையமும் பாரிஸ் வானாய்வு நிலையமும் புவிமேல் அமைந்துள்ள இடங்களைப் பற்றிய இரு தரப்புக் கணக்குகளும் ஒத்துவரவில்லை. இரு நாட்டாரும் கூடி நிலத்தை அளந்தால் இவ்வேறுபாடு தீரும் என்பது அக்குறிப்பின் சாரம். கிரீனிச்சின் கணக்கில் பிழை இருக்கக்கூடும் என்ற குறிப்பை அங்கிருந்த வானியல் தலைவர் நெவில் மாஸ்கெலின் உவந்து ஏற்கவில்லை. எனினும் அரசக் கழகத் தலைவர் ஜோசப் பேங்க்ஸ் அப்பணியை ஏற்று, படைத்துறைப் பொறியாளர் வில்லியம் ராய் என்பாரிடம் ஒப்படைத்தார். மன்னர் மூன்றாம் ஜார்ஜ் பொருளுதவி நல்கினார்.

முக்கோண அளவை முறையில் முதற்கண் வேண்டுவது பிழையின்றி அளக்கப்பெற்ற ஓர் அடிக்கோடு. அதன் நீளம் தெரிந்துவிட்டால், பிற முனைகளைக் கோணங்களால் மட்டுமே கண்டுகொள்ளலாம். ராய் தேர்ந்த இடம் இலண்டனுக்கு மேற்கே உள்ள ஹவுன்ஸ்லோ ஹீத் என்னும் பரந்த வெளி. 1784ஆம் ஆண்டின் கோடையில் அங்கே அளவைப் பணி நடைபெற்றது. மரக்கோல்கள் காற்றின் ஈரத்தால் நீண்டும் குறுகியும் பிழை காட்டின. அவற்றைக் கைவிட்டுக் கண்ணாடிக் குழாய்களால் ராய் மீண்டும் அளந்தார். கண்ட நீளம் 27,404 அடி. அதாவது எட்டேகால் கிலோமீட்டருக்குச் சற்றே மிகுதி. இரு முனைகளிலும் பின்னர் பீரங்கிகள் நிலைகுத்தாக நடப்பெற்றன.

கோணங்களை அளக்க ஜெஸ்ஸி ராம்ஸ்டன் செய்த பெரிய தியோடலைட் கருவி 1787இல்தான் கைக்கு வந்தது. அவ்வாண்டு செப்டம்பரில் காசினியின் மகன், மெஷேன், லெஜாந்தர் ஆகிய பிரெஞ்சு அறிஞர் மூவரும் டோவர் வந்து ராயைச் சந்தித்தனர். மூத்த காசினி அதற்கு முன்பே, 1784இல், மறைந்துவிட்டார். இலையுதிர்கால இரவுகளில் இரு கரைகளின் குன்றுகளிலும் ஒளிமிக்க வெள்ளை விளக்குகள் ஏற்றப்பட்டன. இக்கரையிலிருந்து அக்கரை விளக்கையும், அக்கரையிலிருந்து இக்கரை விளக்கையும் நோக்கிக் கோணங்கள் குறிக்கப்பெற்றன. நூற்றாண்டுகளாகப் பகைவரின் கப்பல் வருகிறதா என்று பார்க்கவே தீ மூட்டிப் பழகிய கரைகள் அவை. அவ்விரவுகளில் மூட்டிய ஒளி, தாம் ஒருவருக்கொருவர் எவ்வளவு தொலைவில் இருக்கிறோம் என்று அறிவதற்காக அமைந்தது.

ராய் தம் ஆய்வுரையின் அச்சுப்படியைத் திருத்திக்கொண்டிருந்த காலத்தில், 1790 ஜூலையில் மறைந்தார். 1793இல் இரு நாடுகளும் மீண்டும் போரில் இறங்கின. இடையில் குறுகிய காலம் நீங்கலாக அப்போர்கள் 1815 வரை நீடித்தன. கிடைத்திருந்த அமைதிக்காலம் பத்து ஆண்டுகளே. அந்தப் பத்தாண்டிற்குள் அளக்கப்பட்டதனால்தான் இலண்டன் – பாரிஸ் தொலைவு உறுதிபெற்றது.

ராயின் முறை தமிழ் மண்ணுக்கும் வந்து சேர்ந்தது. வில்லியம் லாம்டன் 1802ஆம் ஆண்டு ஏப்ரலில் சென்னைப் பரங்கிமலையருகே ஏழரை மைல் நீளமுள்ள அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். இந்தியாவின் பெரும் முக்கோண அளவைக்கு அதுவே தோற்றுவாய். பிற்காலத்தில் அம்மலையடிவாரத்தை ஒட்டியே மீனம்பாக்கம் விமான நிலையம் எழுந்தது. ஹவுன்ஸ்லோ அடிக்கோட்டின் வட முனைக்கருகே ஹீத்ரோ விமான நிலையம் எழுந்ததும் இத்தகையதே. அளப்பதற்கும் பறப்பதற்கும் சமவெளியே வேண்டும் என்பது இவ்வொற்றுமைக்குக் காரணமாகலாம்.

பலூனும் கம்பியும்

நிலத்தை அளந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில் வானமும் திறந்தது. 1785 ஜனவரி 7ஆம் நாள் பிரெஞ்சுக்காரரான ழான் பியேர் பிளான்ஷாரும், அமெரிக்காவில் பிறந்த மருத்துவரான ஜான் ஜெஃப்ரிஸும் நீரகவளி நிரப்பிய பலூனில் டோவரிலிருந்து எழுந்தனர். கடல்நடுவே பலூன் தாழத் தொடங்கியது. எடையைக் குறைக்கக் கையிலிருந்த பொருள்களை ஒவ்வொன்றாகக் கடலில் எறிந்தனர். இறுதியில் உடுத்திருந்த ஆடைகளையும் களைந்து எறிந்தனர். ஏறத்தாழ இரண்டரை மணி நேரத்திற்குப் பின் கலே அருகே கீன் என்னுமிடத்துக் காட்டில் குளிரில் நடுங்கியவாறு இறங்கினர். வான்வழியே கால்வாயைக் கடந்த முதல் மனிதர் இவர்களே.

ஆறு திங்கள் கழியுமுன் இவ்வழி தன் முதற் பலியைக் கொண்டது. 1783இல் பாரிஸ் வானில் கட்டற்ற பலூனில் பறந்த முதல் மனிதர்களுள் ஒருவரான பிலாத்ர் தெ ரோசியே, 1785 ஜூன் 15ஆம் நாள் பிரெஞ்சுக் கரையிலிருந்து இங்கிலாந்து நோக்கி எழுந்தார். பலூன் சிதைந்து வீழ, அவரும் உடன்சென்ற பியேர் ரொமேனும் உயிர் நீத்தனர். வானூர்தல் வரலாற்றில் பதிவான முதல் உயிரிழப்பு இதுவே ஆகும். காற்றின் போக்கிலேயே செல்லும் பலூனால் முறையான போக்குவரத்து இயலாது என்பதும் தெளிவாயிற்று.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் நீராவிக் கப்பலும் புகைவண்டியும் பயண நாட்களை மணிகளாகக் குறைத்தன. செய்தியோ அவற்றையும் முந்திக்கொண்டது. 1850இல் டோவருக்கும் பிரெஞ்சுக் கரைக்கும் இடையே இடப்பட்ட கடலடித் தந்திக் கம்பி விரைவில் அறுந்தது. 1851இல் இடப்பட்ட வலிய கம்பி நிலைத்தது. அவ்வாண்டே ஜூலியஸ் ராய்ட்டர் இலண்டனில் அலுவலகம் திறந்து, இரு நகரங்களின் பங்குச் சந்தை விலைகளை அக்கம்பி வழியே பரிமாறத் தொடங்கினார். மனிதர் கடப்பதற்குப் பல மணி நேரம் கொண்ட வழியைச் சொல் நொடியில் கடந்தது.

சிறகு பெற்ற மனிதர்

கால்வாயை வானூர்தியால் முதலிற் கடப்பவருக்கு 1,000 பவுன் பரிசு தருவதாக இலண்டனின் ‘டெய்லி மெயில்’ நாளிதழ் அறிவித்தது. 1909 ஜூலை 19ஆம் நாள் முயன்ற ஹியூபர்ட் லாதம், இயந்திரம் நின்றுபோகக் கடலில் இறங்கி மீட்கப்பட்டார். ஜூலை 25ஆம் நாள் விடியலில் லூயி பிளேரியோ கலே அருகிலிருந்து புறப்பட்டார். முந்திய விபத்தொன்றில் தீப்பட்ட காலோடு ஊன்றுகோல் துணையால் நடந்துவந்தவர் அவர். வானூர்தியின் இயந்திரம் 25 குதிரைத்திறன் கொண்டது, திசைகாட்டி இல்லை. சிறிது நேரம் கரை எதுவும் கண்ணுக்குத் தெரியாமல் மூடுபனியில் பறந்தார். சுமார் 36 நிமிடத்தில், அதாவது ஒன்றரை நாழிகையில், டோவர்க் கோட்டையருகே இறங்கினார். இங்கிலாந்து இனித் தீவாக இருக்க இயலாது என்னும் எண்ணம் அன்று பரவியது. அதில் மகிழ்ச்சியும் அச்சமும் ஒருங்கே கலந்திருந்தன.

கால்வாயைக் கடப்பது வேறு. நகரிலிருந்து நகருக்குச் செல்வது வேறு. ஜான் மொய்சன்ட் என்னும் அமெரிக்கர் 1910 ஆகஸ்ட் 16ஆம் நாள் தம் இயந்திரப் பணியாளரையும் ஏற்றிக்கொண்டு பாரிசிலிருந்து புறப்பட்டார். மறுநாளே கால்வாயைக் கடந்து இங்கிலாந்தில் இறங்கினார். அதன்பின் ஒன்றன்பின் ஒன்றாகப் பழுதும் வீழ்ச்சியும் நேர, இலண்டனை எட்டியபோது செப்டம்பர் 6 ஆகிவிட்டது. கடலைக் கடக்க ஒரு மணி நேரங்கூட ஆகவில்லை. எஞ்சிய சிறு நிலவழிக்கு மூன்று வாரம் ஆயிற்று. பாரிசிலிருந்து இலண்டனுக்கு நிகழ்ந்த முதல் வான்பயணம் இவ்வாறு அமைந்தது. மொய்சன்ட் அவ்வாண்டின் கடைசி நாளில் அமெரிக்காவில் விமான விபத்தில் இறந்தார்.

1911 ஏப்ரல் 12ஆம் நாள் பியேர் பிரியே இலண்டனின் ஹெண்டன் திடலிலிருந்து எழுந்து, இடையில் எங்கும் இறங்காமல் பாரிஸ் சேர்ந்தார். அவர் கொண்ட பொழுது 3 மணி 56 நிமிடம். இவ்விரு நகரங்களுக்கு இடையே இடைநில்லாப் பயணநேரம் என்று குறிக்கத்தக்க முதல் எண் இதுவே.

மறு ஆண்டு நிகழ்ந்த மற்றொரு கடப்பு உரிய புகழைப் பெறாமலே போயிற்று. இதழாளரும் அமெரிக்காவில் வானோட்டி உரிமம் பெற்ற முதல் பெண்ணுமாகிய ஹேரியட் குயிம்பி, 1912 ஏப்ரல் 16ஆம் நாள் டோவரிலிருந்து தனியே பறந்து கால்வாயைக் கடந்தார். மூடுபனியூடே திசைகாட்டியை மட்டும் நம்பிச் சென்று, ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் பிரெஞ்சுக் கடற்கரையில் இறங்கினார். கால்வாயை வானூர்தி செலுத்திக் கடந்த முதல் பெண் அவரே. ஆனால் முந்தின நாள் டைட்டானிக் கப்பல் மூழ்கியிருந்தது. நாளிதழ்களின் பக்கங்கள் அத்துயரச் செய்தியால் நிறைந்தன, குயிம்பிக்கு இடமில்லை. அவ்வாண்டு ஜூலை முதல் நாள் பாஸ்டன் அருகே வானூர்தியிலிருந்து வீழ்ந்து அவர் மறைந்தார்.

முறைவழியும் பொதுச்சொல்லும்

முதல் உலகப்போர் வானூர்தியை வலிமைப்படுத்தியது. 1919 ஆகஸ்ட் 25ஆம் நாள் இலண்டனுக்கும் பாரிசுக்கும் இடையே நாள்தோறும் செல்லும் வான்பயணம் தொடங்கிற்று. நாடு கடந்து நாள்தோறும் முறையாக நடந்த வானூர்திச் சேவைகளுள் இதுவே முன்னோடி. அன்று காலை புறப்பட்ட சிறு வானூர்தியில் பயணி ஒருவரே. அவரும் ஓர் இதழாளர். உடன் சென்றவை நாளிதழ்க் கட்டுகள், தோல், டெவன்ஷைர் பாலேடு, வேட்டைப் பறவை இறைச்சி ஆகியன. கட்டணம் 21 பவுன். பயண நேரம் சுமார் இரண்டரை மணி. புறப்பட்ட இடம் ஹவுன்ஸ்லோ ஹீத். பாரிஸ் தொலைவைக் காண ராய் தம் கண்ணாடிக் குழாய்களை வரிசையாக இட்டளந்த அதே வெளியிலிருந்துதான், 135 ஆண்டுகளுக்குப் பின் பாரிசுக்கு முதல் முறைவழி வானூர்தி எழுந்தது.

அன்றைய வானோட்டிகளுக்கு வழிகாட்டியவை கீழே தெரியும் சாலைகளும் இருப்புப்பாதைகளுமே. இருபுறத்தாரும் ஒரே சாலையை நோக்கித் தாழப் பறந்தனர். 1922 ஏப்ரல் 7ஆம் நாள் மங்கிய வானிலையில், பாரிசுக்கு வடக்கே பிக்கார்டி வட்டாரத்தில், ஆங்கில வானூர்தி ஒன்றும் பிரெஞ்சு வானூர்தி ஒன்றும் நேருக்கு நேர் மோதின. எழுவரும் மாண்டனர். பயணிகள் வானூர்திகள் வானில் மோதிய முதல் நிகழ்ச்சி இதுவே. வானம் எல்லையற்றதாயினும் வழி ஒன்றாயின் அதற்கும் விதி வேண்டும் என்பது அன்று உணரப்பட்டது. எதிர்ப்படுவார் வலப்புறம் ஒதுங்குதல், கம்பியில்லாக் கருவி கொண்டுசெல்லுதல் முதலியன வலியுறுத்தப்பட்டன.

கம்பியில்லாக் கருவி வந்ததும் மொழிச் சிக்கல் எழுந்தது. தந்தி முறையில் வழங்கிய எஸ்.ஓ.எஸ். என்னும் இடர்க்குறியைக் குரலால் சொன்னால் இரைச்சலில் ‘எஸ்’ ஒலி தெளிவாகக் கேட்கவில்லை. அன்று இலண்டனின் விமான நிலையமாக விளங்கிய குராய்டனில் வானொலி அலுவலராக இருந்த ஃபிரெடெரிக் மாக்ஃபோர்ட் என்பாரிடம், வானோட்டியும் தரைப்பணியாளரும் எளிதில் புரிந்துகொள்ளும் ஒரு சொல்லை ஆக்கித் தருமாறு கேட்டனர். குராய்டன் போக்குவரத்தில் பெரும்பகுதி பாரிசின் லெ பூர்ஷே நிலையத்தோடு நிகழ்ந்தமையால், ‘எனக்கு உதவுக’ என்னும் பொருள்படும் பிரெஞ்சுத் தொடரின் ஒலியைத் தழுவி ‘மேடே’ என்னும் சொல்லை அவர் முன்வைத்தார். 1927இல் பன்னாட்டு வானொலித் தந்தி மாநாடு அதனை ஏற்றது. இன்று எக்கடலில், எவ்வானில் இடருற்றாலும் எம்மொழியாரும் மும்முறை கூறும் சொல் அதுவே. ஆங்கிலேயர் ஒருவர் பிரெஞ்சு ஒலியை எடுத்து ஆங்கில நாவிற்கேற்ப அமைத்த இச்சொல், இலண்டன் – பாரிஸ் வழி உலகிற்கு ஈந்த கொடையாகும். சொல்லைத் தொழிலாகக் கொண்டோர் இதனை நினைவிற்கொள்ளுதல் தகும்.

மணிப்பொறியின் வழக்கு

இரு நகரங்களின் பயணநேரத்தைக் கூற முற்படுவார் எதிர்கொள்ளும் மற்றொரு சிக்கல் மணிப்பொறி. கதிரவன் பாரிசில் உச்சியெய்தி 9 நிமிடம் 21 விநாடி கழிந்த பின்னரே கிரீனிச்சில் உச்சியெய்துகிறான். 1884இல் வாஷிங்டனில் கூடிய மாநாடு கிரீனிச்சை உலகின் முதல் தீர்க்கரேகையாக ஏற்றபோது, பிரான்சு வாக்களிக்காது ஒதுங்கியது. 1911 மார்ச்சில்தான் அந்நாடு இறங்கிவந்தது. அப்போதும் சட்டத்தில் கிரீனிச் என்னும் பெயரைச் சேர்க்கவில்லை. ‘பாரிசின் சராசரி நேரம், 9 நிமிடம் 21 விநாடி பின்தள்ளி’ என்றே பிரான்சின் நேரம் வரையறுக்கப்பட்டது. பெயரைச் சொல்லாமலே பொருளை ஏற்ற திறம் அது.

அதன்பின் இரு நகரங்களின் மணிப்பொறிகளும் ஒத்து நடந்தன. 1940இல் பாரிசைக் கைப்பற்றிய ஜெர்மானியப் படை, அந்நகரின் மணிப்பொறியை பெர்லின் நேரத்திற்கு மாற்றியது. 1944இல் பாரிஸ் விடுதலை பெற்றது, படை போயிற்று, அந்நேரமோ மாற்றப்படாமல் நிலைத்துவிட்டது. பாரிஸ் இன்றும் இலண்டனைவிட ஒரு மணி நேரம் முந்தியிருப்பதன் காரணம் இதுவே. ஆகவே காலை எட்டு மணிக்குப் பாரிசிலிருந்து எழும் பயணி, இலண்டன் மணிப்பொறியின்படி எட்டேகால் மணிக்கே வந்திறங்குகிறார். எதிர்த்திசையில் செல்பவருக்கோ அதே பயணம் இரண்டேகால் மணி நேரமாகத் தோன்றுகிறது. கதிரவன் வகுத்த வேற்றுமை ஒன்பதரை நிமிடத்தையும் எட்டாது. எஞ்சியது போர் விட்டுச்சென்ற எச்சம்.

விரைவும் அதன் விலையும்

போருக்குப் பின் விரைவு பெருகியது. 1950 ஜூலை 29ஆம் நாள் இலண்டனின் நார்த்தோல்ட் திடலிலிருந்து பாரிசுக்கு விக்கர்ஸ் வைகவுன்ட் வானூர்தி சென்றது. சுழல்விசிறியை ஊதைச்சுழலி இயக்கும் புதுவகை வானூர்தியில் கட்டணம் செலுத்திய பயணிகள் சென்ற உலகின் முதல் சேவை அது.

பிளேரியோ கடந்த ஐம்பதாம் ஆண்டு நிறைவை ஒட்டி, 1959 ஜூலையில் அதே ‘டெய்லி மெயில்’ ஒரு போட்டியை நடத்தியது. இலண்டனின் மார்பிள் ஆர்ச்சுக்கும் பாரிசின் வெற்றி வளைவுக்கும் இடையே, எவ்வகை ஊர்தியிலேனும் விரைந்து செல்பவருக்கு 5,000 பவுன் பரிசு. வென்றவர் வான்படை அலுவலர் சார்லஸ் மாகன். மோட்டார் சைக்கிள், ஹெலிகாப்டர், ஹன்டர் போர் விமானம் ஆகியவற்றில் மாறி மாறி ஏறி, 40 நிமிடம் 44 விநாடியில் அவர் பயணத்தை முடித்தார். வானில் மட்டுமன்றி நகர்நடுவிலிருந்து நகர்நடு வரையிலும் வீணாகும் பொழுதைக் கணக்கிட்டதே அப்போட்டியின் சிறப்பு. இரண்டு நாழிகைக்கும் குறைவான அப்பொழுதைப் பயணச்சீட்டு வாங்கிச் செல்லும் எவரும் இன்றுவரை நெருங்கியதில்லை. வானூர்தியின் விரைவு எவ்வளவு பெருகினும், திடலுக்குச் செல்லுதல், சோதனைக்கு நிற்றல், வானில் முறைக்குக் காத்திருத்தல் ஆகியவை குறையாமையே காரணம்.

விரைவின் பெயரால் காக்க வேண்டியதைக் காவாது விட்டதன் விலை 1974 மார்ச் 3ஆம் நாள் தெரிந்தது. இஸ்தான்புல்லிலிருந்து பாரிசின் ஓர்லி நிலையத்திற்கு வந்த துருக்கி நிறுவனத்தின் டிசி-10 வானூர்தி அங்கிருந்து இலண்டனுக்குப் புறப்பட்டது. அந்நாளில் இலண்டனில் நிகழ்ந்த வேலைநிறுத்தத்தால் வேறு சேவைகள் தடைப்பட்டிருந்தன. அவற்றிற்குக் காத்திருந்த பலரும் இதில் ஏறிக்கொண்டனர். எழுந்த சில நிமிடங்களில் பின்புறச் சரக்கறையின் கதவு பிய்த்துக்கொண்டு போயிற்று. உள்ளழுத்தம் திடீரெனக் குறைய, பயணிகள் தளம் இடிந்து, அதனூடே சென்ற இயக்கு வடங்கள் அறுந்தன. தத்துவ அறிஞர் ரூசோ தம் இறுதி நாட்களைக் கழித்த எர்மனோன்வில் ஊரின் காட்டில் வானூர்தி வீழ்ந்தது. அதிலிருந்த 346 பேரும் இறந்தனர். அதுவரை உலகம் கண்ட வானூர்தி விபத்துகளுள் பெரும் உயிரிழப்பு அதுவே.

இந்நிகழ்ச்சியை ஊழ் என்று ஒதுக்கிவிட இயலாது. 1972 ஜூனில் வட அமெரிக்க வானில் அதே வகை வானூர்தியின் அதே கதவு அவ்வாறே பிய்ந்தது. வானோட்டியின் திறத்தால் அனைவரும் பிழைத்தனர். குறை தெரிந்தபின்னும் அதனைக் கட்டாயமாகத் திருத்தும் ஆணை பிறக்கவில்லை. பரிந்துரை அளவில் நின்றது. பொறுப்புடையோர் தமக்குள் செய்துகொண்ட தவறான உடன்பாடு ஒன்று 346 உயிர்களைக் கொண்டது. நல்ல உடன்பாடு வழியைக் குறைத்தது போலவே தீய உடன்பாடு வழியை முடியாததாக்கியது.

கடலடி வழி

1802ஆம் ஆண்டிலேயே அல்பேர் மத்தியே என்னும் பிரெஞ்சுப் பொறியாளர் கால்வாயின் அடியில் சுரங்கப் பாதை அமைக்கத் திட்டம் வரைந்தார். எண்ணெய் விளக்கொளியில் குதிரை வண்டிகள் செல்லவும், நடுவில் செயற்கைத் தீவொன்றில் குதிரைகளை மாற்றவும் அதில் இடமிருந்தது. 1880களில் இரு கரையிலும் தொடங்கிய தோண்டல், படையெடுப்பு அச்சத்தால் பிரிட்டனில் நிறுத்தப்பட்டது. 1975இல் மற்றொரு முயற்சி செலவு கருதிக் கைவிடப்பட்டது. பொறியியல் பலமுறை ஆயத்தமாக இருந்தது. நம்பிக்கையே ஆயத்தமாக இல்லை.

1986இல் இரு நாடுகளும் உடன்படிக்கை செய்தன. 1990 டிசம்பர் முதல் நாள் இருபுறமிருந்து தோண்டி வந்த தொழிலாளர் கடலடியில் கைகுலுக்கினர். 1994 மே 6ஆம் நாள் இரண்டாம் எலிசபெத் அரசியும் பிரெஞ்சுக் குடியரசுத் தலைவர் மித்தரானும் சுரங்கத்தைத் திறந்துவைத்தனர். ஏறத்தாழ 50 கிலோமீட்டர் நீளமுள்ள அதில் 38 கிலோமீட்டர் கடலுக்கு அடியில் செல்கிறது. அவ்வாண்டு நவம்பர் 14ஆம் நாள் யூரோஸ்டார் தொடர்வண்டி ஓடத் தொடங்கியபோது பயணநேரம் சுமார் மூன்று மணி. நெப்போலியனை வென்ற போர்க்களத்தின் பெயர்தாங்கிய வாட்டர்லூ நிலையத்தில் பிரெஞ்சுப் பயணிகள் வந்திறங்கினர் என்பது வரலாற்றின் நகைச்சுவை. 2007இல் புனித பாங்கிராஸ் நிலையத்திற்கு விரைவுப்பாதை அமைந்தபின் பயணநேரம் இரண்டேகால் மணியாகக் குறைந்தது. வானத்தில் மூன்றில் ஒரு பங்கு பொழுதில் கடக்கும் வானூர்தியைவிட, நகர்நடுவே ஏற்றி நகர்நடுவே இறக்கும் தொடர்வண்டியையே பயணிகளில் பெரும்பாலோர் நாடலாயினர்.

இவ்வழியில் தமிழர்க்கும் ஓர் இடம் உண்டு. 1983ஆம் ஆண்டின் இனக்கலவரத்திற்குப் பின் இலங்கையிலிருந்து வெளியேறிய தமிழருள் பலர் இவ்விரு நகரங்களிலும் குடியேறினர். பாரிசில் அவர்தம் கடைவீதியாகிய லா சப்பல், யூரோஸ்டார் புறப்படும் வட நிலையத்திலிருந்து நடந்து செல்லும் தொலைவிலேயே உள்ளது. உரிய ஆவணம் பெற்றவர்க்கு, உறவினர் வீட்டுத் திருமணத்திற்குக் காலையில் சென்று இரவில் மீளத்தக்க வழி அது. புகலிட விண்ணப்பத்திற்கு முடிவு வராமல் காத்திருப்பவர்க்கோ, கண்ணெதிரே வண்டி புறப்பட்டும் இலண்டன் எட்டாத் தொலைவிலேயே நிற்கும். வண்டியேறுமுன் அந்நிலையத்திலேயே இரு நாட்டுக் கடவுச்சீட்டுச் சோதனைகளும் நிகழ்கின்றன. 2020இல் பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகியபின் அச்சோதனைகள் மேலும் நீண்டன.

2021 நவம்பர் 24ஆம் நாள், பல நாடுகளிலிருந்து அடைக்கலம் நாடி வந்தோரை ஏற்றிய காற்றடைத்த சிறுபடகு ஒன்று பிரெஞ்சுக் கரையிலிருந்து இங்கிலாந்து நோக்கிச் செல்கையில் கால்வாயில் மூழ்கியது. குறைந்தது 27 பேர் இறந்தனர். பிளேரியோ 112 ஆண்டுகளுக்கு முன் ஒன்றரை நாழிகையில் கடந்த அதே நீர்ப்பரப்பு அது.

முடிவுரை

1911இல் ஏறத்தாழ நான்கு மணி. 1919இல் இரண்டரை மணி. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் வானில் ஒரு மணிக்கும் குறைவு. எண்களை மட்டும் நோக்கினால் இது கருவியின் வெற்றிக் கதை. அவ்வெண்களின் பின்னே இரு கரையில் ஏற்றிய விளக்குகள், பெயர் சொல்லாது ஏற்ற மணிக்கணக்கு, இரு மொழியும் கலந்த ஓர் அவலச்சொல், கடலடியில் நிகழ்ந்த கைகுலுக்கல் ஆகியன உள்ளன. அவை எய்தாதவிடத்து எழுவரும், 346 பேரும், 27 பேரும் உள்ளனர். கருவிகள் வழியைக் குறுக்கின. அவ்வழி யாருக்குத் திறந்திருக்கும், யாருக்குப் பாதுகாப்பாக இருக்கும் என்பதை மனிதரின் உடன்பாடுகளே முடிவுசெய்தன.

ஹீத்ரோ விமான நிலையத்தின் வட எல்லைச் சாலையோரத்தில், ராயின் அடிக்கோட்டு முனையைக் குறிக்கும் பழைய பீரங்கி இன்றும் மண்ணில் நிலைகுத்தாக நிற்கிறது. போருக்கென வார்க்கப்பட்டு அளவைக்கென நடப்பட்டது அது. அதன் அருகிலிருந்தே நாள்தோறும் வானூர்திகள் பாரிசுக்கு எழுகின்றன.